தாளத்தில் உட்காராத வரி: எழுத்தும் விசுவாசமும் – வாசகர் கேள்வி பதில்

அறுப்பின் பண்டிகைக்காக ஒரு கீர்த்தனை எழுதினேன். ‘வாடிப்போன பயிர்களுக்கு வான்மழை தந்தவரே’ என்பது பல்லவி. பாடகர் குழுவை நடத்துகிறவர், இது ஆதி தாளத்தில் உட்காரவில்லை என்கிறார். பொருளில் குறை இல்லையே, எங்கே தவறு?
– வாசகி, நாசரேத்

பொருளில் குறை இல்லை, அம்மா. எண்ணிக்கையில்தான் குறை. பாட்டுக்கு மாத்திரை (எழுத்து ஒலிக்கும் நேர அளவு) எண்ணும்போது குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஒற்று அடுத்த குறிலுக்கும் 2. நெடிலுக்குப் பின் ஒற்று வந்தாலும் 2தான். ‘மழை’யில் வருவது போன்ற ஐகாரம் குறுகி 1 ஆகும். ஒற்றுக்குத் தனியாக அரை மாத்திரை கொடுக்கும் இலக்கணக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

இப்போது உங்கள் வரியை எண்ணுங்கள். ‘வாடிப்போன’ 7, ‘பயிர்களுக்கு’ 7, ‘வான்மழை’ 4, ‘தந்தவரே’ 6. முதல் பாதி ஏழு ஏழாக நடக்கிறது. இரண்டாம் பாதி நான்கும் ஆறுமாக நடை மாறுகிறது. பாடுகிறவர்கள் ஓரிடத்தில் ஓடி, இன்னோரிடத்தில் இழுக்க வேண்டியிருக்கும். கூட்டினால் 24 வருகிறதே, எண்ணிக்கைக்கு மூன்றாக வைத்துத் திஸ்ர நடையில் அடைத்துவிடலாமே என்று தோன்றலாம். மூன்று மூன்றாக வெட்டினால் முதல் வெட்டே ‘டிப்’ என்ற அசையின் நடுவில் விழும். மொத்தம் சரியாக இருந்தால் போதாது. சொல் முடிகிற இடமும் தாளம் விழுகிற இடமும் ஒத்துப்போக வேண்டும்.

ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை: ஒரு தட்டும் மூன்று விரலும், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எண்ணிக்கைக்கு 2 மாத்திரை என்று வைத்தால் ஒரு வரிக்கு 16. அதை நான்கு நான்காக நான்கு சீராக்குங்கள். உங்கள் கருத்தையே இப்படிச் சுருக்கலாம்:

வாடிய பயிரில் வான்துளி யானாய்
தேடிய குருவிக் கொருவிதை யானாய்

முதல் வரியில் ‘வாடிய’ 1, 2-ஆம் எண்ணிக்கைகளில் வருகிறது. ‘வான்துளி’ சரியாக 5-ஆவது தட்டில் தொடங்குகிறது. மோனை விழுந்திருப்பது தாளத்தின் அழுத்தமான இரண்டு இடங்களில். மோனையைச் சும்மா அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இதைத் தொடையில் தட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த வரி அனுபல்லவி. அங்கே அந்த மோனை இல்லை. ஆனால் ‘வாடிய – தேடிய’ என்ற எதுகை இரண்டையும் கட்டிவிடுகிறது.

வரியின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். ‘ஆனாய்’, ‘தேவா’ போன்ற நெடில் முடிவுகள் கார்வைக்கு, அதாவது குரலை நீட்டி நிறுத்துவதற்கு, இடம் கொடுக்கும். ‘எனக்கு’, ‘அழைத்து’ என்று முடித்தால் இழுக்கும்போது ‘எனக்கூ’, ‘அழைத்தூ’ என்று கெடும். அப்படிப்பட்ட சொற்களை வரியின் நடுவுக்குத் தள்ளிவிடுங்கள்.

இறைவனை அழைக்கும் சொற்களுக்கும் எடை உண்டு. ‘இயேசு’, ‘தேவா’, ‘நாதா’, ‘கர்த்தர்’ எல்லாம் 4. ‘கர்த்தரே’, ‘ஆண்டவர்’ 5. ‘இயேசுவே’ 6. நான்கு மாத்திரைச் சீரில் பக்தி மிகுதியால் ‘இயேசுவே’ என்று போட்டுவிட்டால் அந்த இடத்தில் தாளம் இடறும். ‘கர்த்தரே’ என்றே கூப்பிட மனம் விரும்பினால் கண்ட சாப்பில், ஐந்து ஐந்தாக, பாட்டையே வேறாக எழுதுங்கள்.

சரணங்களில் இன்னொரு வழுக்கல் உண்டு. முதல் சரணம் கட்டாக இருக்கும்; மூன்றாவதில் உணர்ச்சி பெருகி ஒரு சீர் கூடிவிடும். முதல் சரணத்தை மேலே வைத்து, அதன் ஒவ்வொரு சீருக்கும் நேர் கீழே மற்றவற்றை எழுதினால் கண்ணுக்கே தெரியும். ராகத்தைப் பிறகு தேடலாம். மெட்டில்லாமல், தட்டிக்கொண்டு மட்டும் மூன்று முறை சொல்லிப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை இசைப் பயிற்சி இல்லாத சபையாரும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறார்கள் என்றால், அவற்றின் சொற்கட்டு தாளத்தைத் தானே பிடித்துக்கொடுக்கிறது என்பதும் ஒரு காரணம்.

தூத்துக்குடி கடற்கரையில் கத்தோலிக்கப் பாட்டி, அந்த வீட்டுக்கு வந்த புராட்டஸ்டன்ட் மருமகள்: இவர்களை வைத்து நாவல் எழுதுகிறேன். தேவன், கடவுள், ஆண்டவர், கர்த்தர் என்று சொற்கள் குழப்புகின்றன. ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கோவில்பட்டி

ஒரே சொல்லாக்கினால் உங்கள் நாவலின் முக்கியமான மோதலை நீங்களே அழித்துவிடுவீர்கள். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு மொழிபெயர்ப்பின் பிள்ளை. பழைய கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ என்றார்கள். புராட்டஸ்டன்ட் மிஷனரி பப்ரிசியஸின் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’. 1871-இல் வந்த பவர் திருப்புதலில் (ஹென்றி பவர் தலைமையில் திருத்திய வேதாகமம்) ‘தேவன்’, ‘கர்த்தர்’. புராட்டஸ்டன்ட் வீடுகளில் இன்றும் காதில் விழுவது அதுதான். 1995-இல் வந்த, கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டினருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’.

ஆகவே, பாட்டி எந்த வருடம் பிறந்தவள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் தாய்மொழி வழிபாடு வந்தது 1960-களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே வளர்ந்தவளானால் பூசையை இலத்தீனில் கேட்டிருப்பாள், ‘சேசு’ என்பாள், செபமாலையில் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே’ என்பாள். அவளுடைய பேத்தி அதே செபத்தை ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்குவாள். இருவரும் சேர்ந்து செபமாலை சொல்லும் ஒரு காட்சியில், விளக்கம் எதுவும் எழுதாமலே இரண்டு காலங்கள் தெரிந்துவிடும்.

மருமகளுக்கு ‘செபம்’ இல்லை, ‘ஜெபம்’. தவக்காலம் இல்லை, லெந்து காலம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபையானால் போதகரை ‘ஐயர்’ என்பாள், அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்பாள். பாட்டி தன் கோவில் குருவைச் ‘சாமியார்’ அல்லது ‘ஃபாதர்’ என்பாள். மருமகள் ‘அசனம்’ என்று சபை விருந்தைச் சொன்னால் பாட்டி புரியாமல் பார்க்கலாம். பாட்டி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளும்போது மருமகள் என்ன செய்வாள் என்பதுதான் காட்சி. கதைசொல்லியின் குரலுக்கு மட்டும் ஒரு சொல்லைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

தாயின் ஜெபத்தால் மகன் குணமாகும் சிறுகதையை அனுப்பினேன். ‘பிரசங்கம்போல் இருக்கிறது’ என்று திரும்பி வந்தது. விசுவாசத்தை எழுதவே கூடாதா?
– வாசகி, வேலூர்

தாராளமாக எழுதலாம். லூக்கா 15-ஐத் திறந்து பாருங்கள். இளைய மகன் திரும்பி வந்துவிட்டான், விருந்து நடக்கிறது, மூத்தவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று உவமை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். 88-ஆம் சங்கீதமோ நண்பர்களும் விலகிப்போன இருளில் முடிகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களைப் போல இறுதியில் துதிக்குத் திரும்புவதில்லை. வேதமே இதற்கு இடம் கொடுக்கும்போது நாம் ஏன் அவசரமாக முடிச்சுப் போட வேண்டும்?

மகன் குணமாவதை நீக்கச் சொல்லவில்லை. கதையின் எடையை அங்கிருந்து நகர்த்துங்கள். பெரும்பாலும் பிரசங்கம் உட்காருவது கடைசிப் பத்தியில். அதை வெட்டி, அதற்கு முந்தைய செயலோடு நிறுத்திப் பாருங்கள். நம்பாத பாத்திரம் ஒன்று இருந்தால் அவனுக்கு உங்களால் எழுத முடிந்த மிகச் சிறந்த வாதத்தைக் கொடுங்கள். எளிதில் தோற்பதற்கென்றே படைக்கப்பட்டவனை வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஜெபத்தை முழுதாக எழுத வேண்டாம். ‘அன்பின் பரலோக பிதாவே’ என்று தொடங்கும் வாய்ப்பாட்டு வரிகள் நிஜமானவைதான், ஆனால் எல்லாத் தாய்க்கும் பொதுவானவை. அவை உடையும் இடத்தை எழுதுங்கள்: வழக்கமான வாக்கியத்தின் நடுவில் அவள் மருந்துக்கு எவ்வளவு கடன் வாங்கினாள் என்ற கணக்கு புகுந்துவிடுகிறது. அந்தக் கணக்கும் ஜெபம்தான்.

காப்பியம், குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி போன்ற வடிவங்களில் கிறிஸ்தவப் பொருளை எழுதினால் ஒட்டுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக்கித் ‘தேம்பாவணி’யை விருத்தத்தில் பாடினார், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ என்ற பயணக் கதையைக் கம்பனின் வழியில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கினார். ஒட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வடிவத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருளில் வேலை இருக்க வேண்டும். வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் பறவை பிடிக்கும் சிங்கன் அப்படியே அலங்காரத்துக்கு நிற்கவில்லை, அவன் வலை சுவிசேஷ வலையாகிறது. குறி சொல்வதும் வலை வீசுவதும் உங்கள் கதையில் எதைச் செய்கின்றன என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வடிவத்தை விட்டுவிடுங்கள்.

பெரிய வெள்ளி ஆராதனையில் ஆறாம் வார்த்தை எனக்குத் தரப்பட்டிருக்கிறது. 15 நிமிடம். எப்படி எழுதித் தயாரிப்பது?
– வாசகர், மார்த்தாண்டம்

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவது யோவான் 19:30, ‘முடிந்தது’. கிரேக்கத்தில் ஒரே சொல். பவர் திருப்புதலின் தமிழிலும் ஒரே சொல்லாக அமைந்தது நமக்குக் கிடைத்த வரம். திருவிவிலியத்தில் ‘எல்லாம் நிறைவேறிற்று’. தமிழில் ‘முடிந்தது’ என்றால் தோற்றுப்போனதையும் குறிக்கும், வேலை நிறைவானதையும் குறிக்கும். இந்த இரண்டு பொருளுக்கும் நடுவிலேயே உங்கள் 15 நிமிடத்தையும் வைக்கலாம்.

மூன்று மணி நேர ஆராதனையில் ஆறாவதாக எழும்போது கேட்கிறவர்கள் களைத்திருப்பார்கள். சிலுவைக் காட்சியை முதலிலிருந்து விவரிக்காதீர்கள். ஐந்து பேர் ஏற்கெனவே விவரித்திருப்பார்கள். பவர் திருப்புதலில் வாசித்தால் அந்த வசனத்தில் ‘காடி’ வரும். புளித்த திராட்சரசம் என்று ஒரு சொற்றொடரில் சொல்லிவிட்டு நகருங்கள். இளையவர்கள் பலருக்கு அந்தச் சொல் தெரியாது. எழுதியதை நின்றுகொண்டு, உரக்க, கடிகாரம் வைத்து வாசியுங்கள். 12 நிமிடத்தில் முடிந்தால் சரியான அளவு. மேடையில் நிறுத்தங்கள் மீதியை எடுத்துக்கொள்ளும். மூச்சு முட்டுகிற வாக்கியங்களைப் பென்சிலால் குறித்து இரண்டாக்குங்கள். ‘முடிந்தது’ என்று சொல்லும் இடத்துக்குப் பின் தாளில் இரண்டு வரி வெற்றிடம் விட்டுவிடுங்கள். அங்கே நிறுத்த வேண்டும் என்பது பதற்றத்தில் மறக்கும்.