முதல் ஸ்மோக்கர்: வாங்கிய பிறகு வரும் சந்தேகங்கள்

டெக்சஸில் நம்மவர்கள் வீட்டுப் பின்புறங்களில் ஸ்மோக்கர், அதாவது கறியை விறகுப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு, பெருகிக்கொண்டே வருகிறது. பெரும்பாலும் விலை குறைந்த ஆஃப்செட் வகைதான்: படுக்கவைத்த பீப்பாய், அதன் ஒரு பக்கத்தில் சற்றுத் தாழ்வாக நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

நேற்றுதான் பூட்டி முடித்தேன். இன்றே கறி போடலாமா?

வேண்டாம். தொழிற்சாலை எண்ணெயும் தூசியும் உள்ளே இருக்கும். நன்றாகத் துடைத்து, உட்புறம் முழுக்கச் சமையல் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா எரியவிடுங்கள். புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். எண்ணெய் இரும்பில் இறுகிப் படிந்தால் துருவும் சீக்கிரம் வராது.

மூடி இடுக்கிலெல்லாம் புகை வருகிறது. கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் நாடா) ஒட்டினால் பிரயோஜனம் உண்டா?

உண்டு. நான் முதலில் செய்யச் சொல்வதே இதைத்தான். புகை வீணாவது பெரிய விஷயமில்லை. இடுக்கு வழியாக உள்ளே போகும் காற்றுதான் தொல்லை. நீங்கள் காற்றுத் துவாரத்தைக் குறைத்தாலும் நெருப்பு கேட்காது. பீப்பாய் மூடிக்கு வெப்பம் தாங்கும் ஃபெல்ட் நாடா போதும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஒட்டியபின் மூடியை மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். நெருப்புப் பெட்டிக் கதவில் அந்த நாடா கருகிவிடும். அங்கே கண்ணாடி இழைக் கயிறு போடுங்கள்.

மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் 250 காட்டுகிறது. ஆனால் கோழி வேகவே மாட்டேன் என்கிறது. ஏன் அண்ணா?

தம்பி, அந்த முள் காட்டுவது மூடிக்குக் கீழே தேங்கும் சூட்டை. கறி இருப்பது கம்பித் தட்டில். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். இரண்டு புரோப் (சூடு அளக்கும் ஊசி) உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றைத் தட்டில் கட்டுங்கள், இன்னொன்றைக் கறிக்குள் செருகுங்கள். கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் 212-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கோழி, உள்ளே 165 (74 செல்சியஸ்) தொட்டால்தான் சாப்பிடத் தகுந்தது.

எந்த இடத்தில் சூடு அதிகம் என்று தெரிய, தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். நெருப்புப் பெட்டி பக்கம் கருகியிருக்கும், புகைபோக்கி பக்கம் வெளுத்தே கிடக்கும். அந்தக் கருகலைப் பார்த்தபிறகு, நெருப்பை ஒட்டித் தடுப்புத் தகடு வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். புகைபோக்கியைத் தட்டு மட்டத்துக்கு இறக்குவதும் அப்படித்தான்: அவசியம் தெரிந்தபிறகு செய்தால் போதும். எதைச் செய்தாலும் துத்தநாகம் பூசிய தகரம் உள்ளே போகக் கூடாது. அதிகச் சூட்டில் அதன் புகை நஞ்சு.

கறி கசக்கிறது. விறகு சரியில்லையா?

விறகாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் மூச்சுமுட்டும் நெருப்பைத்தான் சந்தேகப்படுவேன். கெட்டியாக வெள்ளைப் புகை வந்தால் விறகு எரியவில்லை, புழுங்குகிறது என்று அர்த்தம். அந்தப் புகைதான் கறியில் கசப்பாகப் படிகிறது. புகைபோக்கியை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்று உள்ளே வரும் துவாரத்தில்தான். பெரிய கட்டையைப் போட்டு அடக்கி வைக்காதீர்கள். மணிக்கட்டுப் பருமனில் பிளந்த, நன்கு காய்ந்த துண்டை, நெருப்புப் பெட்டியின் மேல் வைத்துச் சுடவைத்துப் பிறகு உள்ளே தள்ளினால் சட்டென்று பற்றிக்கொள்ளும். புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் லேசான நீலத்தில் வர வேண்டும்.

சாம்பல் அடியில் சேர்ந்து காற்றை அடைக்காமல் இருக்க, கரித்தட்டை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள். செலவில்லாத மாற்றம், பலன் அதிகம்.

விறகு என்றால் மத்திய டெக்சஸில் போஸ்ட் ஓக்தான். பெக்கானும் நல்லது. மெஸ்கீட் காரமான புகை, நீண்ட நேரச் சமையலுக்கு நான் போடமாட்டேன். பைன் கூடவே கூடாது, பெயின்ட் அடித்த பலகையும் கூடாது.

பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) உள்சூடு 160-இல் நின்றுவிட்டது. மூன்று மணி நேரமாக அசையவில்லை!

பயப்படாதீர்கள், எல்லோருக்கும் நிற்கும். கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, அதுவே கறியைக் குளிர்விக்கிறது. பொறுமை இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் மேல்பக்கம் நன்றாகக் கறுத்தபின் பட்சர் பேப்பரில் (கறி சுற்றும் தடித்த காகிதம்) சுற்றுங்கள். 203-ஐ ஒட்டி வரும்போது கத்தியைச் செருகிப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டபின் வெட்டுங்கள். ஆனால் முதல் சமையலுக்கே பிரிஸ்கெட் வேண்டாம். கோழித் தொடையில் நெருப்பைப் பழகுங்கள்.

மழை பெய்கிறது. கராஜுக்குள் வைத்து, கதவைத் திறந்து வைத்தால்?

கூடாது. நெருப்பிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முழு ஆட்டுத் தொடை போடலாமா? வறண்டு போகும் என்கிறார்களே.

போடலாம். கொழுப்பு குறைவு என்பதால் அப்படியே விட்டால் வறண்டுதான் போகும். முதல் நாள் இரவே தயிர், இஞ்சி பூண்டு, மிளகு, எண்ணெய் தடவி வையுங்கள். 275-இல் நிறம் வரும்வரை புகையில் வைத்து, அப்புறம் கொஞ்சம் ஆட்டெலும்பு ரசம் விட்டு ஃபாயிலில் இறுக்கமாகச் சுற்றுங்கள். உள்ளே 195-ஐத் தாண்டி, எலும்பைத் திருகினால் கழன்று வரும்போது எடுத்துவிடலாம்.