‘டு பி’யா, ‘டு ஹேவ் பீன்’னா? பிறர் நினைப்பதை ஆங்கிலத்தில் எழுதுவது

கேள்வி: அலுவலக அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய வேலை எனக்கு. ‘பலரும் இப்படி நினைக்கிறார்கள்’, ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்று வரும் இடங்களில் ‘பீப்பிள் ஆர் திங்கிங் தட்’ என்றே எழுதிவிடுகிறேன். செய்திகளில் ‘இஸ் பிலீவ்ட் டு பி’, ‘இஸ் செட் (said) டு ஹேவ்’ என்றெல்லாம் வருகிறது. எங்கே ‘டு பி’, எங்கே ‘டு ஹேவ்’ என்பது பிடிபடவே இல்லை. விளக்க முடியுமா?

பதில்: முதலில் அந்த ‘ஆர் திங்கிங் தட்’டைத் தூக்கிவிடுங்கள். ஒருவருடைய கருத்து இன்னது என்று சொல்லும்போது ‘திங்க்’, ‘பிலீவ்’ போன்ற வினைகளுக்கு ‘-இங்’ வேண்டாம். ‘பீப்பிள் திங்க் தட்’ போதும். ‘ஐ ஆம் திங்கிங் ஆஃப் ரிசைனிங்’ என்பது வேறு. அங்கே கருத்து ஒன்றும் இல்லை, வேலையை விடலாமா என்று மனத்துக்குள் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ‘-இங்’ பொருந்தும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதலாம்: ‘பீப்பிள் திங்க் தட் தி டேட்டா இஸ் ராங்’, ‘இட் இஸ் தாட் தட் தி டேட்டா இஸ் ராங்’, ‘தி டேட்டா இஸ் தாட் டு பி ராங்’. இலக்கணப்படி மூன்றும் சரி. முதலாவது பேச்சுக்கு நெருக்கமானது. இரண்டாவதில் ‘தாட் தட்’ என்று நாக்கு தடுக்கும், பேசும்போது யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எழுத்தில் கைகொடுப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். பத்தி எதைப் பற்றியதோ அதையே வாக்கியத்தின் தலையில் வைக்க முடிகிறது என்பதே அதன் பலம்.

உங்களைக் குழப்புவதும் இந்த மூன்றாவதுதான். ஆனால் இதே வேலையைச் செய்யும் உருவம் தமிழில் உண்டு, தினமும் பேசுகிறோம்: வினையோடு ஒட்டும் ‘ஆம்’. யார் சொன்னார்கள் என்று சொல்லாமல், ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்பதை அந்த ஒரு அசை உணர்த்திவிடும். அந்த ‘ஆம்’ஐ மனத்துக்குள் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் வினையின் காலத்தைப் பாருங்கள். ‘அவர் வெளிநாட்டில் இருக்கிறாராம்’ என்பதில் நிகழ்காலம். அதனால் ‘ஹி இஸ் செட் டு பி அப்ராட்’. ‘இருந்தாராம்’ என்றால் இறந்தகாலம், அதற்கு ‘ஹி இஸ் செட் டு ஹேவ் பீன் அப்ராட்’. ‘வேலை தேடிக்கொண்டிருக்கிறாராம்’ என்றால் ‘ஹி இஸ் செட் டு பி லுக்கிங் ஃபார் எ ஜாப்’. ‘நாளை வருவாராம்’ என்பதற்கு மட்டும் வினையையே மாற்றி ‘ஹி இஸ் எக்ஸ்பெக்டட் டு கம் டுமாரோ’ என்று எழுதுங்கள். ‘ஹி இஸ் செட் டு கம்’ என்றால் ‘வழக்கமாக வருவாராம்’ என்ற பொருள் தொனிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே வாக்கியத்தில் இரண்டு காலங்கள் இருக்கின்றன. ஜனங்கள் எப்போது நினைத்தார்கள் என்பதை ‘இஸ்’, ‘வாஸ்’ காட்டும். நடந்தது எப்போது என்பதை ‘டு’வுக்குப் பின்னால் வருவது காட்டும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்பது இன்றைய கணிப்பு, வயதும் இன்றைய வயது: ‘தி யுனிவர்ஸ் இஸ் தாட் டு பி அபவுட் 13.8 பில்லியன் இயர்ஸ் ஓல்ட்’. பூமிதான் பிரபஞ்சத்தின் நடுவில் இருக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நினைப்பு பழையது, ஆனால் நினைத்தவர்களுக்கு அது அப்போதைய உண்மை. எனவே ‘தி எர்த் வாஸ் ஒன்ஸ் தாட் டு பி தி சென்டர் ஆஃப் தி யுனிவர்ஸ்’. இங்கே ‘டு ஹேவ் பீன்’ போட்டால், ஒரு காலத்தில் நடுவில் இருந்துவிட்டு அப்புறம் நகர்ந்துவிட்டது என்று அவர்கள் நினைத்ததாக ஆகிவிடும்.

ஷேக்ஸ்பியர் விஷயம் இதற்கு நேர் எதிர். அவருக்கு 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது. பிறந்த நாளுக்குப் பதிவில்லை, ஏப்ரல் 23 என்பது வழிவழியாக வரும் கருத்து. பிறப்பு எப்போதோ நடந்தது, நம்பிக்கை இன்றும் இருக்கிறது. ஆகவே ‘ஷேக்ஸ்பியர் இஸ் பிலீவ்ட் டு ஹேவ் பீன் பார்ன் ஆன் ஏப்ரல் 23’. ஞானஸ்நானத்துக்கு இந்தச் சுற்றுவழி எதுவும் வேண்டாம், ‘வாஸ் பாப்டைஸ்ட்’ என்று நேராக எழுதலாம். ஆதாரம் கையில் இருக்கும்போது ‘இஸ் பிலீவ்ட்’ போடுவது தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்பும்.

எல்லா வினைகளும் இந்த அச்சில் வராது. ‘சே’, ‘திங்க்’, ‘பிலீவ்’, ‘நோ’, ‘ரிப்போர்ட்’, ‘எக்ஸ்பெக்ட்’ வரும். ‘ஹோப்’ வராது. ‘இட் இஸ் ஹோப்ட் தட் ஹி வில் அக்ரீ’ என்று மட்டும்தான் எழுத முடியும், ‘ஹி இஸ் ஹோப்ட் டு’ என்பது தப்பு. ‘சஜஸ்ட்’டுக்கும் இதே கதி. ‘அலெஜ்’ வரும். ஆனால் அது இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு உரியது, சாதாரணக் கருத்துக்கு அதைப் போட்டுவிடாதீர்கள். ‘சப்போஸ்ட் டு’ இரட்டை முகம் கொண்டது. ‘தி நியூ சாஃப்ட்வேர் இஸ் சப்போஸ்ட் டு பி ஃபாஸ்ட்’ என்றால் ‘வேகமானதாம்’ (பார்ப்போமே என்ற இழுப்பும் அதில் கேட்கும்). ‘யூ ஆர் சப்போஸ்ட் டு சைன் ஹியர்’ என்றால் ‘இங்கே நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்’. அறிக்கையில் கருத்தைச் சொல்ல இதைத் தவிர்ப்பதே நல்லது. ‘கன்சிடர்ட்’டுக்குப் பின்னால் ‘ஆஸ்’ வேண்டாம்: ‘ஷி இஸ் கன்சிடர்ட் அன் எக்ஸ்பர்ட்’. ‘ஆஸ்’ வேண்டும் என்றால் ‘ரிகார்டட் ஆஸ்’ இருக்கிறது.

உங்கள் சொந்தக் கருத்து என்றால் ‘ஐ திங்க்’ அல்லது ‘இன் மை ஒப்பீனியன்’, இரண்டில் ஒன்று. ‘அக்கார்டிங் டு மீ’ வேண்டாம், ‘அக்கார்டிங் டு’ அடுத்தவர் சொன்னதற்குத்தான். ‘அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்’ என்பதில் தமிழ் ‘இல்லை’யை வருவதோடு சேர்க்கிறது. ஆங்கிலம் அதை நினைப்போடு சேர்க்கும்: ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’.

அலுவலக எழுத்து என்பதால் இன்னொன்று. ‘இட் இஸ் ஃபெல்ட் தட்’ என்று கோப்புகளில் அடிக்கடி வரும். யாருக்கு அப்படித் தோன்றியது? மேலாளருக்கா, குழுவுக்கா, எழுதியவருக்கா? பெயர் சொல்ல முடியாத இடத்திலும், யார் என்பது முக்கியமில்லாத இடத்திலும் இந்த அமைப்பு சரி. தெரிந்தே மறைப்பதற்கு இதைப் பிடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் பிரிவு அந்த எண்களைத் தப்பு என்று சொல்லியிருந்தால், ‘தி அக்கவுன்ட்ஸ் டீம் திங்க்ஸ் தி ஃபிகர்ஸ் ஆர் ராங்’ என்றே எழுதுங்கள்.