நிலக்காட்சி எடுப்பவர் ஏன் அவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும்?

நல்ல கேமராவும் எடிட்டிங் மென்பொருளும் இருக்கும்போது, மணிக்கணக்கில் வெளியே திரிவதால் படம் எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் படமெடுப்பவனாகச் சொல்கிறேன்: எதை எடுப்பது என்பதே வெளியேதான் முடிவாகிறது.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சூரியன் ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. ஆகவே டிசம்பர் காலையில் பளிச்சென்று தெரியும் பாறை முகம் ஜூனில் நிழலில் கிடக்கலாம். வெப்ப மண்டலத்தில் சூரியன் விறுவிறுவென்று மேலேறுவதால், இதமான வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும். உதயத் திசையைச் செயலி காட்டும். முக்காலியை எங்கே ஊன்றுவது என்பது அங்கே பலமுறை நின்றவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

பாலாறு இன்னும் நல்ல பாடம். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்; உச்சிவெயிலில் அதில் எடுக்க ஒன்றுமில்லை என்றே தோன்றும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு மாட்டுக் குளம்படியிலும் பாதிக்கு நிழல் நிரம்பும், காற்று வரித்த கோடுகள் எழும்பி நிற்கும். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டதைப் பார்த்தவர், மணலைக் காலி இடமாக நினைத்துப் படத்திலிருந்து வெட்டிவிட மாட்டார்; ஆற்றின் முழு அகலமும் தெரிய விட்டுத்தான் சட்டகம் அமைப்பார்.

ஐப்பசி மழை விட்டதும் குன்றுகளில் நீர் வழிந்த தடங்கள் கறுத்து மின்னும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் உடனே ஜவ்வாது மலைக்குப் போக வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டு, கோடையிலும் மழைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள்.