18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மெதடிஸ்ட் சபையில், அதைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான் பெரிய பெயர். தம்பி சார்லஸ் வெஸ்லியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஜானின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது சார்லஸின் பாட்டைத்தான். எனக்கு அவருடைய பங்கு அண்ணனுடையதற்குக் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

1707-இல் இங்கிலாந்தின் எப்வொர்த்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து, குருப்பட்டம் பெற்று, அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயரின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குப் போய், உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1738 மே 21 அன்று, நோயில் படுத்திருந்தபோது, தன் பாவங்களைக் கடவுள் மன்னித்துவிட்டார் என்ற நிச்சயம் கிடைத்தது. அதிலிருந்து பாட்டு வற்றவே இல்லை. குதிரையில் போகும்போதுகூட வரிகள் கட்டுவார். எழுதியவை ஆறாயிரத்துக்கும் மேல்.

அந்த அனுபவத்தின் ஓராண்டு நிறைவுக்கு 18 சரணங்களில் ஒரு பாட்டு எழுதினார். மீட்பரைத் துதிக்க ஒரு நாவு போதாது, ஆயிரம் நாவு வேண்டும் என்கிற அந்த ஏக்கம்தான், சுருக்கிய வடிவில், மெதடிஸ்ட்களின் 1780 பாட்டுப் புத்தகத்தில் முதல் பாட்டு. ‘நான்’, ‘எனக்காக’ என்று பாடவைத்தது அவருடைய பெரிய பலம். எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளியும் வேதத்தை மனப்பாடமாகச் சுமந்தார்.

உலகமெங்கும் கிறிஸ்துமஸுக்குப் பாடும் ‘ஹார்க் தி ஹெரால்ட்’ பாட்டும் அவருடையதே. ஆனால் இன்றைய முதல் வரி, அக்காலப் பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்பீல்ட் மாற்றியது. மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனுடையது, 19-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

அப்புறம் ஒன்று: குருக்களை அபிஷேகம் செய்வது ஆயரின் (பிஷப்பின்) உரிமை; 1784-இல் ஜான் தானே அதைச் செய்ததைச் சார்லஸ் கடுமையாக எதிர்த்தார். சாகும்வரை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், குருவாகவே இருந்தார். 1788-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி லண்டன் மேரிலபோன் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.