சும்மா நடைதானே, பனிச்சரிவுக்குப் பயப்படணுமா?

மலேசியாவில் பத்தாங்காலியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். ஜனவரியில் மகனும் கூட்டாளிகளும் ஜப்பானில் ஹொக்கைடோ பக்கம் நிசெக்கோவுக்குப் போகிறார்களாம், ஸ்கீ எல்லாம் இல்லை, பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு ரிசார்ட்டுக்கு வெளியே காட்டுப்பக்கம் நடக்கப் போகிறார்களாம், "சும்மா நடைதானே அம்மா" என்கிறானாம். பயப்பட வேண்டுமா?

வேண்டும் அக்கா. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் உங்கள் ஊர்ப்பக்கம் முகாமில் 31 பேரைப் பலிவாங்கிய மண்சரிவு தானாக இறங்கியது. ஆளைக் கொல்லும் பனிச்சரிவு பெரும்பாலும் அப்படி இல்லை, சிக்கியவரோ அவர் கூட வந்தவரோ மிதித்துத்தான் அது கிளம்புகிறது.

ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படியும். நடுவில் ஓர் அடுக்கு பிடிப்பில்லாமல் இருந்து, அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி இறுகிக் கிடந்தால், ஓர் ஆளின் எடையே போதும், மேலடுக்கு மொத்தமாக விண்டு இறங்கிவிடும். அதிகம் நடப்பது 30 முதல் 45 டிகிரி சாய்வில். நடக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: தன் காலடி மட்டமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால் அடிவாரமும் ஆபத்துதான், சில சமயம் கீழே மிதிப்பதே மேலே இருப்பதை உடைத்துவிடும்.

கனமான பனியோ பலத்த காற்றோ அடித்து ஓய்ந்த முதல் ஓரிரண்டு நாள் ரொம்ப மோசம், ஆனால் வானம் வெளுத்து எல்லாரையும் வெளியே இழுப்பதும் அந்த நாள்தான். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், காலிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம், இதில் எது தெரிந்தாலும் அந்தச் சரிவை விட்டு விலகித் திரும்பிவிட வேண்டும்.

நிசெக்கோவில் பருவகாலத்தில் தினமும் காலையில் பனிச்சரிவுத் தகவல் வெளியிடுகிறார்கள், ரிசார்ட்டிலிருந்து வெளியே போகக் கேட்டுகளும் உண்டு. கேட் மூடியிருந்தால் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகவே கூடாது.

அப்புறம் சாமான். பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னல் வைத்துக் காட்டும் சின்னக் கருவி), பனிக்குள் குத்தித் தேட நீளமான துழாவுகோல், மண்வாரி, மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒருவனிடம் மட்டும் இருந்தால் பிரயோஜனமே இல்லை. புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு மூச்சு முட்டியே பெரும்பாலும் போய்விடுகிறார்கள். மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது, கூட இருக்கிற பையன்கள்தான் தோண்ட வேண்டும்.

பனியே பார்க்காத பிள்ளைகள் என்றால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அனுப்பாதீர்கள். வழிகாட்டிக்குக் காசு கட்டியாச்சா, பீக்கனை வைத்துத் தேடிப் பழக முதல் நாள் ஒதுக்கியாச்சா என்று மகனிடம் இப்போதே கேளுங்கள்.