கால் நரம்பு சுருட்டலுக்கு எண்ணெய் போதுமா, லேசர்தான் செய்ய வேண்டுமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: வயது 38, பில்லிங் கவுண்டரில் நின்றபடியே வேலை, இடது காலில் முட்டிக்குக் கீழே நரம்புகள் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு தெரிகின்றன, சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது. வீட்டில் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். ஒரு கிளினிக்கில் உடனே லேசர் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நரம்பு என்று நாம் சொன்னாலும் இது இரத்தக்குழாய்க் கோளாறு, மருத்துவர்கள் வேரிகோஸ் வெயின் என்பார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், குழாய்க்குள் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அது காட்டும். படுக்கவைத்து மட்டும் எடுப்பது போதாது, நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். அந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் பல வருடம் நின்றவள். என் அம்மாவுக்கு இந்த நோய் இருந்தது, எனக்கும் வந்தது. இது குடும்ப வழியாக வருவது சகஜம். அதோடு பிரசவம், உடல் எடை, வயது, மணிக்கணக்கில் நிற்கும் வேலை எல்லாம் சேர்ந்தால் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தெரிய ஆரம்பித்தது. ஆகவே படித்தது பாதி, பட்டது பாதியாக எழுதுகிறேன்.

முதலில் காலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலுக்கு வந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் கீழிருந்து மேலே ஏற வேண்டும். கெண்டைச் சதை சுருங்கும்போதெல்லாம் அது இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது மறுபடி கீழே இறங்காமல் இருக்க இரத்தக்குழாய்க்குள் அங்கங்கே வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு பழுதானால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும் இல்லையா, அதேதான் இங்கேயும். வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே வந்து தேங்கும். அந்த அழுத்தத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் குழாய் அகன்று, நீண்டு, சுருண்டுவிடும்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கத்துக் குழாயில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்கு இருக்கும். நல்ல காலில், நடக்க ஆரம்பித்ததும் அது 30-க்குக் கீழேகூட இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் அப்படி இறங்குவதில்லை. அதனால்தான் நாள் முழுக்க நடப்பவரைவிட ஒரே இடத்தில் நிற்பவருக்குத் தொல்லை அதிகம். சாயங்காலக் கனம், கரண்டையில் வீக்கம், இரவில் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் குரக்குவலி, அரிப்பு எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

நீங்கள் பார்ப்பது முட்டிக்குக் கீழே இருக்கும் புடைப்பை. கசிவு பல பேருக்கு அங்கே தொடங்குவதில்லை. கணுக்காலின் உள்பக்கத்தில் ஆரம்பித்து, தொடையின் உள்பக்கமாக ஏறி, தொடை இடுக்கில் ஆழத்துப் பெரிய குழாயோடு சேரும் ஒரு நீண்ட குழாய் உண்டு. அது சேரும் இடத்து வால்வு கெடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறார்கள். அதாவது கோளாறு தொடை இடுக்கில், புடைப்பு கெண்டைக்காலில். சிலருக்கு முட்டிக்குப் பின்னால் இருக்கும் சிறிய குழாயில் கசியும். இன்னும் சிலருக்குத் தோலுக்கு அடியில் இருக்கும் மேல் குழாயையும் ஆழக் குழாயையும் இணைக்கும் கிளைகளில் கசியும். வெளியே பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது.

எண்ணெய்க்கும் இதுதான் பதில். எந்த எண்ணெயும், எந்தக் கிரீமும் தொடைக்குள் இருக்கும் வால்வைச் சரிசெய்யாது. தோல் வறண்டு அரித்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இதமாக இருக்கும். புடைத்த குழாயின் மேல் அழுத்தித் தேய்ப்பது, உருவிவிடுவது மட்டும் வேண்டாம். குழாய்ச் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, உள்ளே இரத்தக்கட்டி இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மருத்துவர்கள் எழுதித் தரும் டயோஸ்மின் வகை மாத்திரைகளும் கனத்தையும் வீக்கத்தையும் குறைக்க உதவலாமே தவிர வால்வைத் திருப்பித் தராது.

ஸ்கேனுக்கு வருகிறேன். உங்களை நிற்கவைத்து, கெண்டைக்காலை ஒருமுறை அழுத்தி விடுவார்கள். விட்டதும் இரத்தம் எவ்வளவு நேரம் கீழ்நோக்கித் திரும்புகிறது என்று திரையில் பார்ப்பார்கள். மேல் குழாய்களில் அரை வினாடிக்கு மேல் திரும்பினால் அது கசிவு. எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது, குழாயின் அகலம் என்ன என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் வரும். இன்னொன்றும் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஆழத்துக் குழாய்களில் இரத்தக்கட்டியோ பழைய அடைப்போ இருக்கிறதா என்று. ஆழத்தில் அடைப்பு இருந்தால், வெளியே புடைத்திருக்கும் குழாய்களே இரத்தம் திரும்பும் வழியாக ஆகியிருக்கலாம். அது தெரியாமல் அவற்றை மூடினால் கால் இன்னும் மோசமாகும். ஸ்கேனை வற்புறுத்துவதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

ஸ்கேன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அம்மாவிடம் பார்த்தேன். அவருக்கு முதலில் இடது கரண்டைக்கு மேலே, உள்பக்கத்தில் தோல் கறுத்தது. அப்புறம் அரிப்பு. சொறிந்த இடம் ஒருநாள் புண்ணானது. மருந்துக்கடைக் களிம்பு, அப்புறம் ஒரு கிளினிக்கில் கட்டு, அப்புறம் இன்னொரு இடத்தில் ஆன்டிபயாடிக். 'சர்க்கரைப் புண்ணாக இருக்கும்' என்றார்கள், சர்க்கரை பார்த்தால் சரியாகவே இருந்தது. கொஞ்சம் ஆறும், மறுபடி விரியும். வருடக்கணக்கில் எல்லோரும் புண்ணைப் பார்த்தார்களே தவிர, அதே காலில் மேலே ஓடிய குழாயை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் புண்ணின் நாற்றத்துக்குப் பயந்து அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு அறுவை மருத்துவர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, தொடையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். அதன் பிறகு அடுக்கடுக்கான அழுத்தக் கட்டும், கசிந்த குழாய்க்குச் சிகிச்சையும் சேர்ந்து நடந்தன. புண் மூடியது.

கறுப்பு எதனால் என்றால், அழுத்தத்தில் இரத்த அணுக்கள் குழாயைவிட்டு வெளியே கசிந்து உடைகின்றன. அவற்றின் இரும்புச்சத்து தோலில் தங்கிவிடுகிறது. அந்த இடத்துத் தோல் தடித்து, இறுகி, சின்னக் காயத்தைக்கூட ஆற்ற முடியாத நிலைக்குப் போகிறது. மருத்துவர்கள் இந்த நோயை 0 முதல் 6 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமான புடைப்பு இரண்டாம் நிலை, தோல் மாற்றம் நான்காம் நிலை, ஆறாத புண் ஆறாம் நிலை. உங்களுக்குக் கறுப்பு இன்னும் இல்லை என்றால் நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது. கறுப்பு வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

புண் வந்தவர்களிடம் 'முதலில் புண் ஆறட்டும், குழாயை அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்வது வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பிரிவுக்குக் குழாய்ச் சிகிச்சையை உடனே செய்தார்கள், இன்னொரு பிரிவுக்குத் தள்ளிவைத்தார்கள். உடனே செய்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆறிவிட எடுத்த காலம் 56 நாள், மற்றவர்களில் பாதிப் பேருக்கு 82 நாள். அம்மாவின் வயதில் யாராவது காலில் கட்டோடு நடப்பதைப் பார்த்தால் இந்த இரண்டு எண்களைச் சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

இனி ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை. கனமும் வீக்கமும் குறைய உதவும், நோயை மாற்றாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சை செய்ய முடிந்தவருக்கு ஸ்டாக்கிங்ஸை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்றே சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும், வேறு காரணத்தால் சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கும் அது நல்ல துணை. பெரும்பாலானவர்களுக்கு முட்டிக்குக் கீழ்வரை உள்ளதே போதும். 20–30 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளதைத்தான் அதிகம் எழுதித் தருகிறார்கள். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் கணுக்காலையும் கெண்டையையும் அளந்து வாங்க வேண்டும். படுக்கையைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும், இரவில் கழற்றிவிடலாம். நம் ஊர் வெயிலில் அரிக்கும், வியர்க்கும், முதல் வாரம் பிடிக்கவே பிடிக்காது. தினமும் போட்டால் ஆறு மாதத்தில் பிடி தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், நடந்தால் கால் வலித்து நின்றால் விடுபவர்கள் தாங்களாகவே வாங்கிப் போடக் கூடாது. காலுக்கு வரும் நல்ல இரத்தம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் இறுக்கம் ஆபத்து. அதைப் பரிசோதித்த பிறகே போட வேண்டும்.

அடுத்தது லேசர். கசிவு உறுதியாகி, தொல்லையும் இருந்தால் அதே நைஸ் வழிகாட்டுதல் முதலில் வைப்பது வெப்பத்தால் குழாயை மூடும் முறையை. அதில் லேசரும் ரேடியோ அலையும் அடங்கும். அது பொருந்தாதவருக்கு, மருந்து நுரையைக் குழாய்க்குள் செலுத்தி மூடும் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை. எனக்குச் செய்தது ரேடியோ அலை. முட்டிக்குப் பக்கத்தில் ஊசி வழியாக மெல்லிய கம்பி போன்ற ஒன்றைக் குழாய்க்குள் ஏற்றினார்கள். குழாயைச் சுற்றி நீளத்துக்கு மரத்துப்போகும் திரவத்தை ஊசியால் நிரப்பினார்கள். உண்மையில் வலித்தது அந்த ஊசிகள்தான். பிறகு 7 சென்டிமீட்டர் பகுதியாக, ஒவ்வொரு சுற்றிலும் 20 வினாடி, 120 டிகிரி வெப்பம். குழாய் சுருங்கி மூடிக்கொள்கிறது. அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்தேன். தொடையின் உள்பக்கம் கன்றிப்போய், கயிறு இழுப்பதுபோல் இருந்தது, சில வாரத்தில் போய்விட்டது.

'ஒரு குழாயை மூடினால் இரத்தம் எப்படிப் போகும்?' என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். காலின் இரத்தத்தில் சுமார் 90 சதவீதம் ஆழத்துக் குழாய்கள் வழியாகத்தான் திரும்புகிறது. கசியும் குழாய் எப்படியும் வேலை செய்யவில்லை. அதை மூடுவதால் இழப்பு இல்லை.

இந்த முறையிலும் சங்கடங்கள் உண்டு. சிலருக்குக் காலின் உள்பக்கத்தில் ஒரு பட்டை மரத்துப்போகும். அரிதாக இரத்தக்கட்டி ஆழக் குழாய்க்கு நீளலாம், அதனால்தான் சில நாளில் மறுபடி ஸ்கேன் பார்க்கிறார்கள். வேறு கிளையில் புதிதாகக் கசிவு வரலாம். 'வாழ்நாள் முழுக்க திரும்ப வராது' என்று விளம்பரம் செய்யும் இடத்தை நான் நம்பமாட்டேன். பசை வைத்து ஒட்டும் முறையும் இருக்கிறது. அதற்கு நீளமாக மரத்துப்போகும் ஊசி தேவையில்லை, செலவு அதிகம்.

பழைய அறுவையை மட்டமாக நினைக்காதீர்கள். தொடையில் குழாயைக் கட்டும் முறையை ஜெர்மன் மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1890-களில் விவரித்தார், இன்று தொடை இடுக்கில் கட்டுவதையும் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். அதோடு குழாயை உருவி எடுப்பதும் சேர்ந்தது நம் அரசு மருத்துவமனைகளில் பொது அறுவைப் பிரிவிலேயே நடக்கிறது. குணமாக அதிக நாள் பிடிக்கும், ஆனால் அதுவும் சரியான சிகிச்சைதான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தக்குழாய் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதற்கெல்லாம் பொருந்தும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு என்றால் பாலிசியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் இந்த நோய்க்கு 24 மாதக் காத்திருப்பு போட்டிருப்பார்கள்.

வேலையிடத்தில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர் வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 2018-ல், கேரளத்தில் இதே உரிமை வந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. எனவே நாற்காலி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகக் கேளுங்கள். நிற்க வேண்டிய நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைச் சதை வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் கால் இதயத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வைத்துக் கொஞ்ச நேரம் படுங்கள்.

அவசரம் என்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டை வலித்தால் அன்றைக்கே மருத்துவமனை. அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108. புடைத்த குழாய் சிவந்து, கயிறுபோல் இறுகி வலித்தாலும் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

கரண்டைப் பக்கத்துக் குழாய் வெடித்து இரத்தம் கொட்டுவதும் நடக்கும், வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். உட்காரவோ நிற்கவோ வைக்காதீர்கள். உடனே படுக்கவைத்து, காலை நன்றாக உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தின் மேலேயே அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பிடிக்க வேண்டும். தொடையில் கயிறு கட்டுவது வேண்டாம். நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், வெடித்த குழாய் மறுபடி வெடிக்கலாம்.