படம் வேண்டாம், கணக்குப் போதும்

கேள்வி (2021): அக்கா, திருகோணமலை நகரில் உள்ள ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். கொரோனா தொடங்கியதிலிருந்து எல்லாம் வட்ஸ்அப்பில்தான். ஒரு குழுவில் அப்போதைய உச்ச அளவான 256 பேர் நிறைந்து, இரண்டாவது குழுவும் திறந்தோம். கனடா, லண்டன் நண்பர்கள் காசு அனுப்பினார்கள். ஜூன் மாதப் பயணத்தடை நேரம் 60 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்து, படத்தைக் குழுவில் போட்டோம். படத்தில் இருந்த ஒருவர் எங்கள் பட்ச், ஒரே வருடத்தில் படித்தவர். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவர். அன்றிரவே குழுவை விட்டுப் போய்விட்டார். அதை வைத்துச் சண்டை வந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் விலகினார்கள். போன மாதம் எங்கள் கணித ஆசிரியர் கொரோனாவில் காலமானார். ஒருவராலும் போக முடியவில்லை. ஆகஸ்ட் 20இலிருந்து மறுபடி ஊரடங்கு. இப்போது குழுவில் காலை வணக்கமும் மரண அறிவித்தலும் மட்டும்தான். ஸூமில் பொதுக்கூட்டம் வைக்கலாமா, குழுவை மூடிவிடலாமா, ஒன்றும் விளங்கவில்லை.
– செயலாளர், உப்புவெளி

பதில்: தம்பி, குழுவை மூட வேண்டாம். பொதுக்கூட்டமும் இப்போது வேண்டாம். நிர்வாகத் தெரிவு என்று தொடங்கினால் இருக்கிற மனஸ்தாபம் எல்லாம் வாக்குகளாக மாறி வெளியே வரும். அது ஊரடங்கு முடிந்து, ஆளை ஆள் பார்த்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

முதல் வேலை அந்தப் படம். வட்ஸ்அப்பில் அனுப்பி இவ்வளவு நாள் ஆகிவிட்டால் எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்க முடியாது. அது போனது போனதுதான். ஆனால் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். அங்கே இருப்பதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்ற 59 குடும்பங்களின் படங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை என்பதற்காக அவர்களுக்கு நோகவில்லை என்று நினைக்காதீர்கள்.

அந்த நண்பரின் நிலையைக் கொஞ்சம் யோசியுங்கள். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் சுற்றுலாப் பயணிகளால் உழைக்கிற காலம் மேயிலிருந்து செப்டெம்பர் வரைதான். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்போடு ஒரு சீசன் போனது. 2020 கொரோனாவோடு போனது. இந்த வருடமும் அப்படியே. மூன்று சீசன் தொடர்ந்து கை வெறுமையாக இருந்த பிறகுதான் ஒரு மனிதன் பொதி வாங்க வருகிறான். புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர், ஹோட்டலுக்கு மீன் போடுபவர், வாசலில் ஓட்டோ வைத்திருப்பவர் எல்லாருக்கும் இதே கதைதான். போன வருடம் ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொட மீன் சந்தையில் தொற்று பரவியதும் மீன் விலை விழுந்தது. பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் கடலோரத்தில் நின்றவர்களிலும் உங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். முந்திய பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் வாங்கித் தந்தவரே இன்றைக்குப் பொதி வாங்குகிறவராக இருக்கலாம். இவர்கள் காலம் முழுக்க நிவாரண வரிசையில் நின்று பழகியவர்கள் இல்லை. அரசு தந்த 5,000 ரூபாய்க்கு கிராம சேவகரிடம் பெயர் கொடுக்கவே கூச்சப்பட்டவர்கள் உண்டு. கூடப் படித்த 256 பேருக்கு முன்னால் கையில் மாவுப் பையோடு நிற்பது இன்னும் கஷ்டம்.

படம் கேட்டது டொரொன்டோக்காரர் என்றால் அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. இரண்டு வேலை பார்த்து அனுப்புகிற காசு சரியான இடத்துக்குப் போனதா என்று தெரிய வேண்டும் அவருக்கு. அதற்குப் பதில் கணக்குத்தான். எந்தத் திகதியில் எவ்வளவு வந்தது, எந்தக் கடையில் என்ன வாங்கியது, பில், வங்கிக் கூற்று, கையில் மிச்சம் எவ்வளவு. பெறுகிறவரின் பெயருக்குப் பதில் ஓர் இலக்கம். பெயர்ப் பட்டியல் உங்களிடமும் பொருளாளரிடமும், அதிபர் சம்மதித்தால் அவரிடமும் மட்டும் இருக்கட்டும். மாதம் ஒரு பக்கம், ஒரே திகதியில், கேட்காமலே போக வேண்டும். காசு சங்கத்தின் கணக்குக்கே வரட்டும், எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்றிருக்கட்டும். யாராவது தன் சொந்தக் கணக்குக்கு வாங்கியிருந்தால் அதை மாற்றி முடித்துவிடுங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பினால் நாலு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பில் இல்லாத காசால்தான் சங்கங்கள் உடைகின்றன.

அப்புறம், பொதி கட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். சீனியும் பால்மாவும் தேடித் திரிகிற இந்த நேரத்தில் 60 பொதி கட்ட அலைவதே பெரிய வேலை. அந்தந்தப் பகுதியில் ஒரு கடையோடு கதைத்து வையுங்கள். பாலையூற்றில் ஒன்று, திருக்கடலூரில் ஒன்று, தம்பலகாமத்தில் ஒன்று என்று. இன்ன தொகை வரைக்கும் அந்த வீட்டார் தங்களுக்கு வேண்டியதை எடுக்கட்டும், சங்கம் கடைக்குக் கட்டும். ஒரு வீட்டுக்கு அரிசி தேவைப்படாது, பிள்ளைக்கு மருந்தும் போனுக்குக் காசு போடுவதும் (ரீலோட்)தான் வேண்டியிருக்கும். அந்த முடிவு அவர்களுடையது. கடைக்காரரும் வாய் திறக்காத ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள். அது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

“தேவையானவர்கள் அறியத்தரவும்” என்று குழுவில் போடுகிறீர்களே, அதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். தேவையில்லாத ஒருவர் எழுதுவார், உண்மையில் தேவையான ஒன்பது பேர் பேசாமல் இருப்பார்கள். ஆளைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். இதற்கு வட்ஸ்அப் உதவாது, போன் அழைப்புத்தான். ஒவ்வொரு பட்சிலும் ஊர் நிலவரம் தெரிந்த, அலட்டாத ஒருவரைப் பிடியுங்கள். பெண்களுக்குப் பெண் ஒருவர். கல்யாணம் முடித்து மூதூர், மட்டக்களப்பு, வவுனியா என்று போன பெண்களை எந்தச் சங்கமும் ஒழுங்காகத் தேடுவதில்லை, உங்களுடையதும் தேடியிருக்காது. ஆளுக்கு எட்டுப் பத்துப் பேர், அவ்வளவுதான். எடுத்த உடனே “உங்களுக்கு உதவி வேணுமா?” என்று கேட்கக் கூடாது. அம்மா எப்படி, ஊசி போட்டாச்சா, மகனுக்கு வகுப்பு நடக்குதா என்று கதைத்தால் மிச்சம் தானாக வரும். 1970களில் படித்துவிட்டு இன்றைக்கு உவர்மலையில் தனியே இருக்கிற ஓய்வுபெற்றவருக்கு ஸ்மார்ட் போனே இருக்காது. அவருக்கு வேண்டியது மருந்தகத்துக்குப் போய்வர ஒரு தம்பி. கட்டாரிலும் சவூதியிலும் வேலை போய், திரும்பி வரவும் வழியில்லாமல் போன வருடம் முழுக்கக் கிடந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். வெளிநாடு என்றாலே கொடுக்கிறவர்கள் என்ற நினைப்பு நமக்கு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைப் பாடசாலை என்றால் உங்கள் குழுவில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியா, மூதூர்க்காரர்களும் இருப்பார்கள். கொரோனாவில் இறந்தால் எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை இருந்தது. பிறகுதான் அடக்கம் செய்ய விட்டார்கள், அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய். அந்த மாதங்களில் உங்கள் முஸ்லிம் நண்பர்கள் எதிலும் கலந்துகொள்ளாமல் இருந்திருந்தால் காரணம் சோம்பலாக இருக்காது. அப்போது உங்கள் குழுவில் யாராவது ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னார்களா? இல்லையென்றால் இப்போது தனித்தனியே எடுத்துக் கதைக்கலாம். குழுவில் அறிக்கை விட வேண்டாம், அது இன்னொரு சண்டையில் முடியும்.

உங்கள் ஆசிரியரின் விஷயம். மரண அறிவித்தலுக்குக் கீழே நூறு பேர் கைகூப்பும் படம் போட்டிருப்பீர்கள். அதைப் பார்த்து அவருடைய மனைவிக்கு என்ன ஆகப்போகிறது? முதல் மூன்று நாள் எல்லாரும் எடுப்பார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின் போன் அடிக்காது. போன மாதம் என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நெருங்கியிருக்கும். அந்தியேட்டிக்கு ஆள் சேர முடியாத வீடு அது, அந்த நாளில் சங்கத்தின் சார்பில் ஒருவர் எடுத்துக் கதைக்க வேண்டும். அதோடு இன்னொன்று செய்யலாம். அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு சம்பவம் எழுதட்டும். “சிறந்த ஆசான், ஈடுசெய்ய முடியாத இழப்பு” என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். கரும்பலகையில் எப்படி வட்டம் கீறுவார், யாருக்குப் பரீட்சைக் கட்டணம் ரகசியமாகக் கட்டினார், எதற்கு அடித்தார், இதுதான் வேண்டும். எழுத வராதவர் குரல்பதிவு அனுப்பட்டும், ஒருவர் கேட்டு எழுதலாம். அச்சடித்துக் கட்டி வீட்டுக்குக் கொடுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாத கதைகள் அதில் இருக்கும். விலகிப் போனவர்களிடமும் கேளுங்கள். சங்கத்தோடு கோபம் இருக்கலாம், சேரோடு கோபம் இருக்காது.

இப்போது படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை நீங்கள். சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் 2021 ஜூலை 12 முதல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நிற்கிறார்கள். இந்த நேரத்தில் சங்கம் போட்டிக்கு வகுப்புத் தொடங்கினால் உங்களுக்குப் படிப்பித்தவர்களுக்கே எதிராக நிற்பதாக ஆகும். அதிபரோடும் ஆசிரியர்களோடும் கதைக்காமல் அதில் கை வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பழைய மாணவர்கள் உயர்தரப் பிள்ளைகளோடு இருந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்துபார்ப்பதில் யாருக்கும் பிரச்சினை வராது. குச்சவெளிப் பக்கம் சிக்னல் கிடைக்காத பிள்ளைக்குத் தாளை அச்சடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

குழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டையும் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றி, அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரட்டை பட்ச் குழுக்களில் நடக்கட்டும். கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிமருந்து மாதிரி வைத்தியக் குறிப்புகளைப் போட விடாதீர்கள். உங்கள் பழைய மாணவர்களில் வைத்தியர்கள் இருந்தால் வாரத்தில் ஒரு முறை, கேள்விகளைச் சேர்த்து ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். வைத்தியசாலையில் நின்று களைத்து வருகிறவரின் போனுக்கு ஐந்நூறு பேரும் பிசிஆர் ரிப்போர்ட் அனுப்பினால் அவரும் விலகிவிடுவார்.

ஸூமில் கூடத்தான் வேண்டும் என்றால் சும்மா கூடுங்கள், நிகழ்ச்சிநிரல் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் 5.30 என்றால் இந்த மாதங்களில் லண்டனில் பகல் 1 மணி, டொரொன்டோவில் காலை 8, சிட்னியில் இரவு 10. எல்லாரும் முழித்திருக்கிற நேரம் அது ஒன்றுதான். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம். நம் ஆட்கள் தலைமையுரை தொடங்கினால் அந்த 40 நிமிடம்தான் நம்மைக் காப்பாற்றும்.

விலகியவர்களைத் திரும்பக் குழுவில் சேர்க்காதீர்கள், கேட்காமல் சேர்ப்பது இன்னும் அவமானம். அந்த ஹோட்டல் நண்பருக்குச் சங்கத்தின் கடிதத்தாளில் மன்னிப்பும் அனுப்ப வேண்டாம். நீங்களே எடுங்கள். படம் போட்டது பிழை, எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மற்றக் கதைக்குப் போங்கள். ஹோட்டலில் இருந்தவருக்குப் பதிவேடும் கணக்கும் நன்றாக வரும். கடைக் கணக்குகளைப் பார்க்க ஆள் தேவை என்று பிறகு ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், முதல் அழைப்பிலேயே வேண்டாம். போனை எடுக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடி எடுங்கள். அப்பவும் எடுக்காவிட்டால், வகுப்பில் அவரோடு ஒரே வாங்கில் இருந்தவர் யார் என்று தேடி, அவரைக் கதைக்கச் சொல்லுங்கள்.